மரம் எப்போது தீப்பிடிக்கிறது?



கடை என்றாலே மரம்தான். கல்லாப்பெட்டி, அலமாரி, சரக்குத் தட்டு, பரண், கதவு நிலை, பழைய கட்டடமானால் பனங்கை போட்ட கூரை, வாசலில் நிரைப்பலகை என்று எங்கே பார்த்தாலும் மரம். கான்கிரீட்டும் இரும்பு ஷட்டரும் வந்துவிட்ட பிறகும், உள்ளே அலங்காரம் என்ற பெயரில் பிளைவுட்டும் மைக்காவும் முன்னைவிடக் கூடுதலாகவே ஏறியிருக்கின்றன. ஆகவே மரம் சூட்டில் என்ன ஆகிறது, எப்போது பற்றுகிறது என்பது தச்சருக்கும் தீயணைப்பு வீரருக்கும் மட்டும் உரிய விஷயம் அல்ல. நம் முதல் அதில் இருக்கிறது. அதைவிட மேலாக, இரவில் நம்மை நம்பிக் கடையில் படுத்துறங்கும் ஆட்களின் உயிர் அதில் இருக்கிறது.

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. அதுபோல மரம் எத்தனை டிகிரியில் பற்றும் என்று கேட்டால் ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. இந்தப் பாடத்தின் முதல் வரியே அதுதான். எவ்வளவு சூடு என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு காலம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். வட்டிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அசலை மட்டும் சொன்னால் வட்டி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. காலமும் தெரிய வேண்டும். மரத்தின் கணக்கும் அப்படித்தான்.

கரிமூட்டம் நடத்தும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள நாம் ஆராய்ச்சிக்கூடத்திற்குப் போக வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் சீமைக்கருவேல விறகைக் கரியாக்கும் மூட்டங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெட்டிய விறகைக் குவியலாக அடுக்கி, மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, அதன்மேல் ஈரமண் பூசி மூடுகிறார்கள். ஒரு வாய் வைத்து உள்ளே தீ மூட்டி, காற்றுப் போகும் துளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன? முதலில் வெள்ளையாக, கனமாகப் புகை வரும். அதில் பெரும்பங்கு நீராவி. பிறகு புகை மஞ்சளித்து, கண்ணைக் கரிக்கும் நெடியோடு வரும். விறகின் உடல் உடைந்து வாயுவாகவும் தாராகவும் வெளியேறும் கட்டம் அது. கடைசியில் புகை மெலிந்து நீலமாகும். உடையவேண்டியது உடைந்து முடிந்தது, உள்ளே கரி நின்றது என்று மூட்டக்காரருக்கு அது அடையாளம். உடனே எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுகிறார். அடைக்காமல் காற்றை விட்டால் கரியும் எரிந்து சாம்பலாகிவிடும். நாலைந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைக்கும்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மரக்கட்டை அப்படியே எரிவதில்லை. சூட்டில் மரம் உடைந்து வாயுவை விடுகிறது, அந்த வாயுதான் காற்றோடு கலந்து சுடராக எரிகிறது. அடுப்பில் விறகு எரியும்போது உற்றுப் பாருங்கள். சுடர் கட்டையை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் விலகி ஆடும். வாயு போனபின் மிஞ்சும் கரி சுடரில்லாமல் கனன்று எரியும். நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. மரத்தின் விஷயத்தில், கண்ணுக்கு நெருப்புத் தெரிவதற்கு வெகு முன்பே அது புகையத் தொடங்கிவிடுகிறது.

சூடு ஏற ஏற

அறை வெப்பத்திலிருந்து 100 டிகிரி வரை மரத்திலுள்ள ஈரம் வெளியேறும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. பச்சை விறகு அடுப்பில் அழுதுவழிவது இதனால்தான். தரும் சூட்டை எல்லாம் தண்ணீர் தின்றுவிடும்.

100 டிகிரிக்கு மேல் 200 டிகிரி வரை மரம் மெல்லப் பழுப்பாகும். நீராவி, கரியமில வாயு போன்றவை கசியும். இவை எளிதில் எரிகிற வாயுக்கள் அல்ல. ஆனால் மரத்தின் பலம் குறையத் தொடங்கிவிடும்.

200 டிகிரிக்கு மேல் உடைதல் வேகம் பிடிக்கும். 280 டிகிரியை ஒட்டிய கட்டத்தில் எரியக்கூடிய வாயுக்கள் ஏராளமாகக் கிளம்பும். இந்தக் கட்டத்தில் மரமே வெப்பத்தை வெளிவிடவும் ஆரம்பிக்கிறது. அதுவரை வெளியிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டிருந்த மரம் இனித் தன் கையிலிருந்தும் சூட்டைப் போடும். சுமார் 500 டிகிரிக்குள் வாயு வெளியேறுவது பெரும்பாலும் முடிந்து கரி மட்டும் நிற்கும்.

பக்கத்தில் ஒரு சுடரோ பொறியோ இருந்தால், விரைவாகச் சூடேறும் மரத்தின் மேற்பரப்பு சுமார் 300 முதல் 365 டிகிரிக்குள் வரும்போது சுடர்விட்டுப் பற்றும். பொறி எதுவும் இல்லாமல் தானாகச் சுடர்விட அதைவிடக் கூடுதலான சூடு தேவை. இதனால்தான் பக்கத்துக் கடை எரியும்போது நம் கடையின் பலகை சற்று நேரம் புகைந்துகொண்டே நிற்கும். ஒரு பொறி பறந்து வந்து விழுந்த கணத்தில் முகப்பு முழுவதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். வாயு தயாராக நின்றது, பொறிதான் பாக்கி.

இது வெயிலால் நேருமா என்று சிலர் கேட்பதுண்டு. சித்திரை மாத உச்சி வெயிலே ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் அளவுதான். பக்கத்தில் பொறி இருந்தாலும் மரம் பற்றுவதற்கு அதைப்போல ஏறக்குறைய 12 மடங்கு அனல் வீச வேண்டும். ஆகவே வெறும் வெயில் மரத்தைப் பற்றவைக்காது. ஆனால் காயவைத்துத் தயாராக வைக்கும். கடற்கரையோரக் காற்றில் 15 சதவீதம் வரை ஈரம் பிடித்து நிற்கும் பலகை, கோடையில் கரிசல் காட்டு உலர்காற்றில் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். சிறு பொறியும் பங்குனி, சித்திரையில் பெரிய தீயாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே மரம், வேறு வேறு கணக்கு

தீக்குச்சியும் மரம்தான், தேக்கு விட்டமும் மரம்தான். குச்சி ஒரு உரசலில் பற்றுகிறது. விட்டத்தில் ஒரு பெட்டித் தீக்குச்சியைச் செலவழித்தாலும் கருப்புத் தடம்தான் விழும். கோவில்பட்டி, சிவகாசித் தொழிலை அறிந்த நமக்கு இதன் சூட்சுமம் புதிதல்ல. குச்சி மெலிதாக இருப்பதால் முழுதும் ஒரே நேரத்தில் சூடேறிவிடுகிறது. சுடர் குச்சிக்குத் தாவுவதற்கு மெழுகிலும் தோய்க்கிறார்கள். பருத்த கட்டையில் மேற்பரப்புச் சூடு மெல்ல உள்ளே வடிந்துபோகிறது.

ஆகவே பற்றும் நேரத்தை முடிவு செய்பவை நான்கு. ஒன்று, கனம். இரண்டு, ஈரம். மூன்று, மரத்தின் அடர்த்தி. ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ நிற்கும். நியூசிலாந்திலிருந்து வரும் பைன் மரம் 450, 500 கிலோதான். இலேசான மரம் விரைவில் பற்றும். நான்கு, வடிவம். அதே பைன் பலகையாக இருந்தால் ஒரு கணக்கு, இழைப்புச் சுருளாக இருந்தால் வேறு கணக்கு, காற்றில் மிதக்கும் மரத்தூளாக இருந்தால் வெடிமருந்துக் கணக்கு. மர அறுவை ஆலைகளில் விட்டத்தின் மேலும் மோட்டாரின் மேலும் படியும் தூளை வாரந்தோறும் கூட்டித் தள்ளச் சொல்வது அழகுக்காக அல்ல.

நேரத்தின் பங்கைக் காட்ட அமெரிக்காவில் முன்பு நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். ஒன்றேகால் அங்குலச் சதுரமும் நாலு அங்குல நீளமும் உள்ள பைன் கட்டைகளைச் சூடான அறையில் வைத்து, அருகில் சிறு சுடரும் வைத்துப் பார்த்தார்கள். 400 டிகிரியில் அரை நிமிடத்தில் பற்றியது. 300 டிகிரியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. 250 டிகிரியில் ஆறு நிமிடம். 180 டிகிரியிலும் விடவில்லை, 14 நிமிடத்தில் பற்றியது. சூடு குறைந்தால் மரம் தப்பிவிடுவதில்லை. தவணை நீள்கிறது, அவ்வளவுதான்.

கூட்டு வட்டி போல் ஏறும் சூடு

அந்தத் தவணை நிமிடங்களைத் தாண்டி, மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும் இடங்கள் நம் கடைகளிலேயே இருக்கின்றன. வடைச்சட்டி அடுப்புக்குப் பின்னால் உள்ள பலகைத் தட்டி. கூரைப் பனங்கையை உரசிக்கொண்டு வெளியேறும் புகைக்குழாய். டீக்கடை பாய்லருக்கு மேலே அடித்த தட்டு. சாமி படத்துக்கு முன் எரியும் விளக்கின் நேர் மேலே உள்ள மாடப்பலகை. இங்கெல்லாம் மரம் பத்து ஆண்டாகச் சூடு பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று நாம் தைரியம் கொள்கிறோம். அந்தப் பத்து ஆண்டுதான் ஆபத்து.

காரணம் இது. தொடர்ந்து சூடு பட்ட மரம் முற்றும் காய்ந்து, பழுத்து, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மெல்லக் கரியாகிறது. கரி நுண்துளைகள் நிறைந்தது. அது காற்றிலுள்ள பிராண வாயுவைப் பிடித்து இழுத்துத் தானும் சூடாகும். கரியான மரத்தின் நிறமும் கருப்பு, அது வாங்கும் அனலும் அதிகம். ஆக நேற்று தாங்கிய சூட்டை இன்று தாங்காது. வேகமான சூட்டில் 300 டிகிரிக்கு மேல் பற்றும் மரம், நெடுநாள் சூட்டில் அதைவிட வெகு கீழே கனலத் தொடங்கிவிடும். அதனால்தான் பொறியாளர்கள், நெடுங்காலம் சூடு படும் மரத்துக்கு 77 டிகிரி என்ற எச்சரிக்கையான வரம்பை வைக்கிறார்கள். அது கொதிநீரின் சூட்டுக்கும் கீழே என்பதைக் கவனியுங்கள்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. அடுப்பு நன்றாக எரியும் நேரத்தில் பின்பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நிம்மதியாக வைத்திருக்க முடியவில்லை என்றால் வரம்பு கிட்டிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. பலகை பழுப்பேறியோ கருத்தோ இருந்தால் கை வைத்துப் பார்க்கவும் தேவையில்லை. அது ஏற்கெனவே கணக்கைத் தொடங்கிவிட்டது.

பலகையைக் காக்க வேண்டும் என்று பல கடைகளில் தகரத்தை அதன்மேல் வைத்து ஆணி அடித்திருப்பார்கள். எண்ணம் நல்லது, பயன் மிகக் குறைவு. தகரம் சூட்டை வாங்கி அப்படியே பின்னாலுள்ள மரத்துக்குக் கொடுத்துவிடும். மரம் கருகுவதை நம் கண்ணிலிருந்து மறைப்பதுதான் அது செய்யும் வேலை. மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாங்கள் சரக்குக் கொடுக்கப் போன இடங்களில், இப்படி அடித்த தகரத்தைப் பெயர்த்தபோது பின்னால் பலகை அடுப்புக்கரி போல் இருந்ததைக் கண்டிருக்கிறோம். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, கீழும் மேலும் திறந்திருக்கும்படி அமைத்தால் அந்த இடைவெளியில் காற்று ஏறி இறங்கிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். காப்பது தகரத்தைவிட அந்தக் காற்றுதான். விறகடுப்பின் ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதி. நம் சிறு கடைகளில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால், குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலாவது மரத்தை அறுத்து விலக்கிவிட்டுச் சிமெண்டுப் பலகையோ செங்கல்லோ வைக்க வேண்டும்.

மின்சாரத்திலும் இதே நாட்பட்ட சூடு உண்டு. மரப்பலகை மேல் பொருத்திய சுவிட்சிலோ பிளக்கிலோ இணைப்பு தளர்ந்திருந்தால், அந்த ஒரு புள்ளி மட்டும் கடுமையாகச் சூடேறும். அப்போது ஓடும் மின்சாரம் வழக்கமான அளவில்தான் இருக்கும். ஆகவே பியூஸ் போகாது, டிரிப்பரும் விழாது. பலகை கருகும் வாசனைதான் ஒரே எச்சரிக்கை. பிளக் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் உருகிய நெடி வந்தால், அன்றைக்கே எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

தானே சூடேறும் சரக்கு

வெளியிலிருந்து எந்தச் சூடும் படாமல் தானே பற்றும் சரக்கும் நம் வட்டாரத்தில் உண்டு. முதலில் சொல்ல வேண்டியது நாம் பார்த்த அந்தக் கரியேதான். மூட்டம் பிரித்த புதுக்கரி, காற்றைக் குடித்துச் சூடாகும். சிறு குவியலாக இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். மூட்டையாகக் கட்டி, கிட்டங்கியில் ஆளுயரத்துக்கு அட்டி போட்டால், நடுவிலுள்ள சூட்டுக்குப் போக வழியில்லை. ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் கனன்றுவிடும். பழைய மூட்டக்காரர்கள் கரியைக் காற்றாடப் பரப்பி வைத்துச் சில நாள் கழித்தே சாக்கில் கட்டியதில் பெரிய அறிவு இருந்தது.

கப்பல்களில் கரிப் பெட்டகங்கள் பற்றியெரிந்த அனுபவத்தால் உலகக் கடல் வணிக விதிகளும் இப்போது இறுகியுள்ளன. 2026 ஜனவரி முதல் கப்பலில் ஏறும் கரியை அபாயச் சரக்கு என்று அறிவித்தே ஏற்ற வேண்டும். பொதிப்பதற்கு முன் 14 நாள் காற்றாட விடுவதும், பொதியும்போது கரியின் சூடு 40 டிகிரியைத் தாண்டாமல் இருப்பதும் அந்த விதிகளில் அடங்கும். தூத்துக்குடித் துறைமுகம் வழியே கரி அனுப்புவோர் தங்கள் ஏஜெண்டிடம் இதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். உள்ளூர்க் கிட்டங்கிக்கும் இதே அறிவு பொருந்தும்.

இரண்டாவது, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி. மரச் சாமானுக்கு மெருகு போடும் தச்சர், எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போவார். அந்த எண்ணெய் காயும்போது பிராண வாயுவைச் சேர்த்துக்கொண்டு வெப்பம் விடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் அடைபட்டுச் சில மணி நேரத்தில் துணி பற்றலாம். பக்கத்தில் இழைப்புச் சுருள் கிடந்தால் சொல்லவே வேண்டாம். இத்தகைய துணியை விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

இன்சூரன்ஸ் வைத்திருப்போர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரக்கு தானே சூடேறிப் பற்றுவதைப் பழைய தீ பாலிசிகள் விலக்கி வைத்திருந்தன. தனியாகப் பிரீமியம் கட்டினால்தான் சேர்க்கப்பட்டது. 2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்குப் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுப் பாலிசி வந்துள்ளது. எந்தப் பாலிசி ஆனாலும், இந்த இழப்பு அதில் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஓலை, கல், இரும்பு

ஓலையும் கீற்றும் மரத்தின் கடைசித் தம்பிகள். கனம் என்பதே இல்லை, இரு பக்கமும் காற்று. ஆகவே மரத்துக்கு நிமிடக் கணக்கு என்றால் ஓலைக்கு விநாடிக் கணக்கு. தமிழ்நாடு இதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு விழாவில் யாகசாலைப் பந்தல் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபப் பந்தல் பற்றி மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. இன்றும் கடை வாசலில் கோடைக்குக் கீற்றுப் பந்தல் போட்டு, அதற்கடியில் அடுப்பும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பந்தல் வேண்டுமானால் அடுப்பு உள்ளே போகட்டும். அடுப்பு வேண்டுமானால் பந்தல் இறங்கட்டும்.

கட்டடம் கல்லாக இருந்தால் கவலையில்லை என்பதும் சரியல்ல. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகள் பற்றியெரிந்ததில், நூற்றாண்டுகள் நின்ற வீரவசந்தராயர் மண்டபத்தின் கல்தூண்களும் மேற்கூரையும் வெடித்துச் சிதைந்தன. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென விரிந்து கல்லைப் பிளந்துவிடும். கல் எரியாது. ஆனால் கடைக்குள் நாம் அடுக்கிய மரமும் துணியும் பிளாஸ்டிக்கும் எரிந்து கல்லையே உடைத்துவிடும். காய்ந்த மரம் ஒரு கிலோவுக்கு நாலாயிரம் கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தருகிறது. கடையிலுள்ள மரச் சாமானின் எடையை ஒரு முறை மனதில் போட்டுப் பாருங்கள்.

மரத்தின் பக்கம் பேசவும் ஒன்று உண்டு. பருத்த மரம் தீயில் நாணயமாக நடந்துகொள்ளும். மேற்பரப்பு கரியானதும் அந்தக் கரியே கம்பளி போல் உள்மரத்தைக் காக்கிறது. அதனால் தீ நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு மூன்று, நாலு சென்டிமீட்டர் அளவில்தான் உள்ளே போகும். பத்து சென்டிமீட்டர் தடித்த விட்டம் இருபுறமும் அரை மணி நேரம் எரிந்தாலும் நடுவில் ஆறு சென்டிமீட்டர் நல்ல மரம் நிற்கும். காப்பு எதுவுமில்லாத இரும்பு ஆங்கிளோ 550 டிகிரியை ஒட்டியே பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும். பழைய தேக்கு விட்டத்தை எடுத்துவிட்டு மெல்லிய இரும்பு போட்டால் தீக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. அதே சமயம் 6 மில்லிமீட்டர் பிளைவுட் தடுப்பு தீயில் பத்து நிமிடம் கூட நிற்காது. கனம்தான் மரத்தின் கவசம்.

மருந்திட்ட பலகை

தீத்தடுப்பு மருந்திட்ட பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 5509 என்ற இந்தியத் தரம் உள்ளது. கடலில் பயன்படும் ஐ.எஸ். 710 பிளைவுட் தண்ணீருக்குத்தான் தாங்கும், தீக்கு அல்ல. இரண்டையும் குழப்பி விற்பதும் வாங்குவதும் உண்டு. வெங்காரம், போரிக் அமிலம், அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்புகளை மரத்தில் ஏற்றினால், சூட்டில் மரம் எரிவாயுவைக் குறைவாக விட்டு, சீக்கிரமே கரியாகிவிடும். சுடர் பரவுவது தாமதமாகும். அதற்காக அந்த மரம் எரியாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்த உப்புகள் பலவும் மழையில் கரைந்து போகக்கூடியவை, ஆகவே வெளிப்புறத்துக்கு அதற்கென்று தயாரித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண வார்னிஷ் பளபளப்புக்கு மட்டும்தான். மின்பலகையின் பின்னாலும் அடுப்பறைத் தடுப்பிலும் மட்டுமாவது மருந்திட்ட பலகை போட்டால், தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரை உள்ள அந்த இருபது, முப்பது நிமிடத்தில் பாதியை வாங்கிக்கொண்டது போல.

நாம் செய்ய வேண்டியவை

1. அடுப்பு, பாய்லர், புகைக்குழாய், விளக்கு ஆகியவற்றின் அருகிலுள்ள மரத்தை மாதம் ஒரு முறை கை வைத்தும் கண்ணால் பார்த்தும் சோதிக்க வேண்டும். பழுப்போ கருப்போ கண்டால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும். பெயிண்ட் அடித்து மறைக்கக் கூடாது.

2. மரத்தோடு ஒட்டி அடித்த தகரத்தைப் பெயர்த்து, ஓர் அங்குல இடைவெளி விட்டு மறுபடி பொருத்த வேண்டும்.

3. மெயின் போர்டும் சுவிட்சும் மரப்பலகையில் இருந்தால் மாற்ற வேண்டும். இணைப்புகளை ஆண்டுக்கு ஒரு முறை முறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.

4. கரி, மரத்தூள், இழைப்புச் சுருள் இருக்கும் கிட்டங்கியில் அட்டிகளுக்கு இடையே ஆள் நடக்கும் வழி விட வேண்டும். நடு அட்டியில் கை விட்டுச் சூடு பார்க்கும் பழக்கம் வேண்டும்.

5. கருகும் வாசனை வந்தால் ‘எங்கோ குப்பை எரிகிறது’ என்று இருந்துவிடாமல் மூலத்தைக் கண்டுபிடிக்காமல் கடையைப் பூட்டக் கூடாது.

6. சிறு தீயை அணைத்த பிறகும் பலகையின் பின்புறம் தண்ணீர் விட்டு, சில மணி நேரம் காவல் இருக்க வேண்டும். கரி உள்ளே கனன்று நள்ளிரவில் மறுபடி எழும்.

7. கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. உள்ளே ஆட்களைப் படுக்க வைத்து வெளியே பூட்டும் வழக்கத்தை இன்றோடு விட வேண்டும். கனலும் மரம் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை விடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் சுடரைக் காணும் முன்பே மயங்கிவிடுவார். விழித்தாலும் திறக்க முடியாத கதவு இருந்தால் பயன் என்ன? பரணில் படுக்கை வேண்டாம். புகை முதலில் ஏறுவது அங்கேதான். சாவி உள்ளே படுப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சரக்கு போனால் மறுபடி கொள்முதல் செய்யலாம். நம்மை நம்பி வந்த பிள்ளையின் வீட்டுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? இன்று மாலை அடுப்பு அணையும் முன், கடையைச் சுற்றி வந்து ஒவ்வொரு பலகையிலும் ஒரு முறை கை வைத்துப் பாருங்கள். செலவில்லாத வேலை இது. ஐந்து நிமிடம் போதும்.